அங்கம்மாள் போட்ட உப்பு

புளியில் பூச்சி விழாமல் இருக்க என்ன செய்வது, அடிப்பிடித்த பானையை எப்படித் தேய்ப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்டு எழுதிக்கொள்ள வந்தார்கள். சொல்கிறேன், அதற்கென்ன. ஆனால் அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் அங்கம்மாளுடையது. அவள் பேரை விட்டுவிட்டு அவள் சொன்னதை மட்டும் சொல் என்றால் என்னால் ஆகாது. ஒரு தடவை அவள் கைவேலையை வாங்கிக்கொண்டு அவளை யாரோ என்று சொன்னவள் நான். இன்னொரு தடவை செய்ய மாட்டேன். கேட்பதானால் அவளையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

நானும் அவளும் ஒரே வருஷத்தில் கருவடிக்குப்பத்துக்கு வாழ வந்தவர்கள். அடுத்தடுத்த வீடு, நடுவில் இடுப்பளவு மண்சுவர், இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரர் தணிகாசலமும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். சங்கு ஊதினால் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். அவளுக்கு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. என் மூத்தவள் ஆதிலட்சுமி அந்த மண்சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகினாள், அந்தப் பக்கம் போவதற்காக. அவளுக்கு நான் அம்மா என்றால் அங்கம்மாள் பெரியம்மா. சோறு யார் ஊட்டியது என்று கேட்டால் எனக்கே சரியாக ஞாபகம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரையில் மாங்காய் வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் வருஷத்துக்கான ஊறுகாய் போடுவோம். நறுக்கிய காயில் முதல் பிடி உப்பை அந்த வீட்டுக்காரி போடமாட்டாள். கைராசியுள்ள, புருஷனோடு வாழ்கிற ஒருத்தியைக் கூப்பிட்டுப் போடச் சொல்வாள். வெற்றிலை, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு கை கல்லுப்பு எல்லாம் தட்டில் வைத்து, தெரு நடுவில் எல்லோரும் பார்க்க நடந்து போய், அவள் வாசலில் நின்று, "உப்புக்கு வா" என்று சொல்ல வேண்டும். உப்புக்குக் கூப்பிடுவது என்று அதற்குப் பேர். பத்துப் பன்னிரண்டு வருஷமாக எல்லாத் தட்டும் அங்கம்மாள் வாசலுக்குத்தான் போயின. பிள்ளை இல்லாதவள் என்று ஒருத்தி வாய் திறந்ததில்லை. திறந்தால் அவள் வீட்டு ஊறுகாய் கெட்டுப்போகுமே.

வந்தவள் உப்பைப் போட்டுவிட்டுப் போய்விட மாட்டாள். ஒரு மாங்காய்த் துண்டை எடுத்துத் தன் கன்னத்தில் ஒட்டிவைத்துப் பார்ப்பாள்.

"ஏ கிளி, சில்லுன்னு இருக்குதுடி. எந்தத் துணியால தொடச்ச? உன் ஈரத் தலப்பாலயா?"

என் பேர் அன்னக்கிளி. அவள் ஒருத்திதான் கிளி என்பாள்.

"வெயில்ல உலத்துனேன்டி."

"எப்ப எடுத்த?"

"சாயங்காலம்."

"அதான. தென்ன ஓல மேக்கால சாஞ்சா கடல்காத்து வந்துட்டுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல வெயிலு காயுதேன்னு உட்டு வெச்சா காயி காத்துல இருக்கற தண்ணியக் குடிக்கும். உச்சிக்குள்ள எடுத்துடணும்னு எத்தினி வாட்டி சொல்றது? உங்கிட்ட சொல்றதுக்கு அந்த அம்மிக்குச் சொல்லியிருந்தா அதுவாச்சும் அரைச்சிருக்கும்."

இதை நான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். கடற்கரை ஊரில் வத்தல், வடகம், மிளகாய் எதுவானாலும் உச்சிவேளைக்குள் எடுத்து மூடிவிட வேண்டும். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்களுக்கு இது தெரியாது. வெயிலைப் பார்த்து ஏமாந்துபோவார்கள்.

துவரம்பருப்பில் வசம்புத் துண்டு போட்டு வைப்பாள். உடைத்த தேங்காயில் கண்ணுள்ள மூடிதான் முதலில் அழுகும், அதை முதலில் துருவ வேண்டும் என்பாள். உறைமோர் தீர்ந்துபோனால் வெதுவெதுப்பான பாலில் நாலு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடிவைப்பாள், மறுநாள் தயிர் இருக்கும். அடிப்பிடித்த பானையில் புளிக்கோதும் சாம்பலும் போட்டுக் கொதிக்கவிட்டால் தேங்காய் நார் பட்டதும் கருகல் கழன்று வரும். தணிகாசலம் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எங்க வூட்ல நான் மூணாவது ஆளு. மொத ஆளு ஊறுகா ஜாடி, ரெண்டாவது ஆளு புளிப்பான."

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய ஐப்பசி, ஐம்பத்து நாலு. தெருவில் பாதிப் பேர் டவுனுக்கு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். முந்தின நாள் பெய்த மழையில் என் விறகெல்லாம் நனைந்துபோய்ப் புகைந்துகொண்டிருந்தது. அவள் தன் வீட்டுப் பரணில் காயவைத்திருந்த தென்னம்பாளையை ஒரு கட்டுக் கொண்டுவந்து போட்டாள்.

"நீ போவலயாடி கொடி பாக்க?" என்றேன்.

"எந்தக் கொடி ஏறினா இன்னா, அடுப்ப நாமதான ஏத்தணும்" என்றாள். அன்றைக்குத் தெருவுக்கே அவள்தான் அதிரசம் சுட்டாள். டவுனிலிருந்து திரும்பியவர்கள் என்ன பார்த்தோம் என்று சொல்வதை விட்டுவிட்டு இலையை நீட்டிக்கொண்டு அவள் வாசலில் நின்றார்கள்.

ஐம்பத்தொன்பதில், மாசி மாதம், தணிகாசலத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலும் சேர்த்தோம். பதினொரு நாள்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கழுத்தும் நெற்றியும் வெறுமையாக அவள் வீட்டுக்குள் உட்கார்ந்தாள்.

நாற்பது நாளில் மாங்காய் வந்துவிட்டது.

முதல் தட்டு அவள் வாசலைத் தாண்டித் தில்லையம்மாள் வீட்டுக்குப் போனது. தில்லையம்மாளுக்குப் புருஷன் இருந்தான், ஏழு பிள்ளைகள். மண்சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கம்மாள் குளித்து, தலையை முடிந்து, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் அப்படித்தான் காத்திருப்பாள். உடம்புக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டாவது தட்டும் தாண்டிப் போனது.

மூன்றாவது தட்டு என்னுடையது. நானும் தாண்டித்தான் போனேன். இந்த வருஷம் வேண்டாம், துக்கம் ஆறட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷமும் தாண்டித்தான் போனேன்.

அந்த முதல் வருஷ ஊறுகாய் கெட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருவே அவள் காலடியில் வந்து நின்றிருக்கும். கெடவில்லை. தில்லையம்மாள் கூடவே நின்று அத்தனை வருஷம் பார்த்தவள்தானே. கன்னத்தில் காயை ஒட்டிப் பார்ப்பதுவரைக்கும் அப்படியே செய்தாள். ஒரு வீட்டில்கூடப் பூசணம் பூக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் கிணற்றடியில் அங்கம்மாள் கேட்டாள். கேட்காதவள்போலக் கேட்டாள்.

"ஊறுகா எப்பிடி வந்துருக்குது கிளி?"

எனக்கு என்ன தோன்றியதோ, "மேல வெள்ளையா பூத்துடுச்சு அங்கு" என்று சொல்லிவிட்டேன்.

நாலு மாதமாகச் செத்துக்கிடந்த முகம் அப்படியே எழுந்து உட்கார்ந்தது. "அப்பிடியா! பதறாத. மேலாக்க இருக்கறத மரக்கரண்டியால வழிச்சுடு. நல்லெண்ணெயக் காய்ச்சி, ஆற வெச்சு, ஒரு விரக்கடைக்கு மேல நிக்கிறாப்பல ஊத்து. இரு, இரு, நானே வர்றேன். நீ எண்ணெயக் கருக்கிடுவ."

தடுப்பதற்குள் சுவரைத் தாண்டி வந்துவிட்டாள். ஜாடி வாயில் கட்டியிருந்த வேடு துணியை அவிழ்த்தாள். குனிந்து மோந்தாள். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். "தில்ல நல்லாத்தான் போட்டுருக்கறா."

துணியை ஜாடி வாயில் இழுத்து, முன்னை இருந்ததைவிட இறுக்கமாகக் கட்டினாள். "பொய் சொல்றதுன்னா வேற எதுனா சொல்லுடி. ஊறுகாய எதுக்கு இழுக்கற?"

அதற்குப் பிறகும் தெருப் பெண்கள் அவளிடம் கேட்காமல் இல்லை. அரிசியில் வண்டு, பித்தளையில் களிம்பு, பிள்ளைக்கு மாந்தம், எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் போனார்கள். ஆனால் பின்கட்டு வழியாகப் போனார்கள். முன்வாசலில் எல்லோரும் பார்க்க நின்று, தட்டோடு அவளைக் கூப்பிட ஒருத்தியும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வாயால் கேட்டதில்லை. ஆனால் சித்திரை பிறந்தால் குளித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்வதை அவள் விடவில்லை. மூன்று சித்திரை அப்படிப் போயிற்று.

அறுபத்திரண்டு தையில் ஆதிலட்சுமிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை ரெட்டியார்பாளையம். நிலம் கொஞ்சம் உண்டு, பையன் மேரியில் வேலை பார்த்தான். அப்போது டவுனில் நகராட்சி ஆபீசுக்கு அந்தப் பேர்தான். மாப்பிள்ளையின் அம்மா செல்வாம்பாள் கேட்ட சீரில் நூற்றொரு அதிரசம் இருந்தது. எங்கள் பக்கத்தில் சீர் இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஓர் அதிரசத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் பிட்டுப் பார்ப்பார்கள். உதிர்ந்தாலோ, கல்லாக இருந்தாலோ அந்தப் பெண் கிழவியாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள்.

அதிரசத்துக்கு எல்லாமே பாகில்தான் இருக்கிறது. பாகு இளகினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். முறுகினால் பல்லை உடைக்கும். தில்லையம்மாள் ஒரு படிக்குப் போட்டுப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டியில் அப்படியே கரைந்துபோனது. அவளே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உப்பு எனுக்கு வருது அன்னக்கிளி, வெல்லம் வரல. அங்கம்மாவுக்குத்தான் அந்தப் பதம் தெரியும். எப்பிடியாச்சும் பண்ணிக்கோ, என்னக் கேக்காத."

நான் அங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். அவசரத்தில் முன்வாசல் வழியாகவே போய்விட்டேன். கையில் புது வெல்லம் ஓர் உருண்டை இருந்தது. அவள் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், நான் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"ஆதிக்கா?" என்றாள்.

"ஆமாண்டி. சீர் அதிரசம். நீ வந்தாத்தான் ஆவும்."

"உக்காரு. தோ, கை காலு கழுவினு வந்துடறேன்." எழுந்துவிட்டாள். கொடியிலிருந்த நல்ல புடவையை எட்டி எடுத்தாள். மூன்று வருஷமாக அந்த நடையை நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "இப்ப வேணாம் அங்கு. புதங்கெழம உச்சிவேளைக்கு வா, ஆம்பளைங்க மில்லுக்குப் போயிருப்பாங்க. பின்பக்கமா வந்துடு. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால அடுப்பு மூட்டித் தர்றேன். பாகு மட்டும் நீ எறக்கிக் குடுத்துடு. சுடறத தில்ல சுட்டுடுவா, எல்லாரும் பாக்க."

புடவையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு அதை மறுபடி கொடியில் போட்டு, மடிப்புக் கலையாமல் நீவிவிட்டாள்.

"வெல்லம் எங்க வாங்குன?" என்றாள்.

"பெரிய மார்க்கெட்டுல."

"கொஞ்சம் உப்பு கரிக்கும். வடிகட்டி எடுத்து வையி. அரிசிய நெழல்லதான் உலத்தணும், கைல ஒட்டற ஈரத்துல இடிக்கணும். முழுசா காஞ்சுட்டா மாவு பாகக் குடிக்காது."

அவ்வளவுதான் பேசினாள்.

புதன்கிழமை சொன்னபடி வந்தாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பு. ஆதிலட்சுமி பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு பெரியம்மாவை விட்டு நகரவில்லை. ஒரு கிண்ணத் தண்ணீரில் பாகை ஒரு சொட்டு விட்டு, இரண்டு விரலால் உருட்டிக் காட்டினாள் அங்கம்மாள்.

"பாத்துக்கோ. உருட்டினா உருளணும், அழுத்தினா நசுங்கணும். புருஷனும் இந்தப் பதத்துல இருந்தா நீ பொழச்ச."

"உருளலன்னா?" என்றாள் ஆதிலட்சுமி.

"இன்னும் கொஞ்சம் சூடு காட்டு."

மூன்று பேரும் சிரித்தோம். நான்கூடச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது.

மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்த செல்வாம்பாள். யாரோ டவுனுக்கு வண்டி கட்டுகிறார்கள் என்று, முகூர்த்தப் புடவையைக் காட்டிவிட்டுப் போக ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவக் கிணற்றடிக்கு வருவார்கள். அதை நான் நினைக்கவில்லை. அந்த அம்மாள் நேரே பின்கட்டுக்கு வந்தார். கிணற்றடியிலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும்.

"வாங்க சம்மந்திம்மா" என்று ஓடினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அங்கம்மாளின் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், பாகுக்குள் இருந்த கரண்டியைப் பார்த்தார்.

"யாரு இது?"

இந்த இடத்தில் சம்பந்தி மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. கேட்டதுதான் அந்த அம்மாள். பதில் என் வாயிலிருந்து வந்தது. என் பெரிய பெண்ணுக்குச் சோறூட்டியவள், என் தெருவுக்கே உப்புப் போட்டவள், என் அங்கு என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது.

"கூலிக்கு வந்தவ சம்மந்திம்மா" என்றேன். "அடுப்பு ஊத வந்தா."

அங்கம்மாள் நிமிரவில்லை. கரண்டியை எடுத்துச் சட்டி விளிம்பில் குறுக்காக வைத்தாள்.

"ஆமாங்கம்மா" என்றாள். "கூலிக்குத்தான் வந்தேன்."

"கூலிக்காரியா இருந்தாலும் சீர் பாகுல தாலி இல்லாத கை படலாமா சம்மந்தி? எம் பெரிய பொண்ணு கல்யாணம் ஆன வருசமே அறுத்துட்டு வந்து எங்கூட்டுல உக்காந்துனு இருக்கறா. தப்பா நெனைக்காதீங்க. அதக் கொட்டிடுங்க. கூலியக் குடுத்து அனுப்புங்க." சொல்லிவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். வேஷம் இல்லை, பயம்தான்.

நான் சட்டியை நோக்கிப் போனேன். கையில் பிடிதுணிகூட இல்லை. அங்கம்மாள் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

"தள்ளிக்கோம்மா. சுடும்."

இருபது வருஷப் பழக்கத்தில் அவள் என்னை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் சொல்கிற அம்மா. அவளே முந்தானையால் சட்டியைப் பிடித்து இறக்கி, வாழைமரத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினாள். பொன்னிறமாக, சரியான பதத்தில், ஒரே நூலாக இறங்கியது பாகு. பிறகு அடுப்பை அணைத்தாள். சாம்பலை ஒதுக்கினாள். வந்து மடியை ஏந்திக்கொண்டு நின்றாள்.

சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் ஒரு படி அரிசி அளந்து கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன். என் கையால் போட்டேன்.

"வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போனாள். ஆதிலட்சுமி கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் வாய் திறக்கவில்லை. அவள் கல்யாணப் பெண், பத்தொன்பது வயசு. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதிரசத்தைத் தில்லையம்மாள் மறுபடி போட்டாள். பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் பாகை முறுக்கிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தி அதைப் பிட்டுப் பார்த்து, முடியாமல் தரையில் தட்டி, "இது அதிரசமா, வூடு கட்டற கல்லா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செல்வாம்பாளும் சிரித்தார். அதோடு தவலையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். முடிந்தது. ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. இன்றுவரை என் மகளை அந்த வீட்டில் ஒருவரும் சொல்லிக்காட்டியதில்லை. எதற்குப் பயந்து நான் அந்த வார்த்தையைச் சொன்னேனோ, அது அவ்வளவுதான்.

அங்கம்மாள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கல்யாணம் முடிந்து நாலாம் நாள் கிணற்றடியில் நானாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"உப்புல தண்ணி உட்டுக்குது அங்கு. இன்னா பண்றது?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்" என்றாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்னிடம் மட்டுமில்லை. பின்கட்டு வழியாகப் போனவர்கள் எல்லோருக்கும் அதே பதில். புளியில் பூச்சியா, எனக்கு என்ன தெரியும். பால் திரிந்துவிட்டதா, எனக்கு என்ன தெரியும். கோபமில்லாமல், மரியாதையாகச் சொன்னாள். நடுவில் ஆதிலட்சுமி மறுவீட்டுக்கு வந்தபோது, வந்ததும் சுவரைத் தாண்டி ஓடினாள். அங்கம்மாள் அவள் கன்னத்தைத் தடவி, தன் கையால் அவள் தலையில் பூ வைக்கக் கூடாது என்று யோசித்து, பூவை அவள் கையில் கொடுத்தாள். "பெரிம்மா, நான் அன்னிக்கே" என்று பிள்ளை ஆரம்பித்தாள். "சாப்டியா?" என்று கேட்டு அங்கம்மாள் அதை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

மாசியில் அவள் வீடு பூட்டியிருந்தது. டவுனில் ஒரு சொல்தா வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்போம். கிறிஸ்தவக் குடும்பம். அங்கே பொட்டும் தாலியும் யார் பார்க்கிறார்கள். அங்கேயே தங்கல், மாதச் சம்பளம்.

சித்திரை வந்தது. மாங்காயைக் கழுவி, துடைத்து, நறுக்கி, உச்சிக்குள் எடுத்து வைத்தேன். தட்டில் வெற்றிலை, மஞ்சள், உப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தேன். தில்லையம்மாள் வாசலில் தயாராக நின்றாள்.

"ஏண்டி, எங்கூட்டத் தாண்டிப் போற?"

"அங்கம்மாவ உப்புக்குக் கூப்பிடப் போறேன்."

"பைத்தியமா உனுக்கு? சம்மந்தி காதுல உழுந்தா?"

"உழட்டும்."

"பொண்ணு வாழணும்டி!"

"வாழ்வா, போ."

ஆமாம், மூன்று மாதம் முன்னால் வர வேண்டிய தைரியம். மூன்று வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும். வெயிலில் தட்டை ஏந்திக்கொண்டு முத்தியால்பேட்டை தாண்டி டவுனுக்கு நடந்தேன். வழியில் பார்த்தவர்கள் கோவிலுக்குப் போகிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்த வீட்டு எஜமானியம்மாள், மதாம் என்பார்கள், அவரே கதவைத் திறந்தார். நல்ல மாதிரி. "அங்கம்மாவா? பின்னால குசினியில சமைச்சுக்கிட்டு இருக்காங்க, அந்தச் சந்து வழியா போங்க" என்றார்.

"இல்லீங்க. முன்வாசல்லதான் நின்னு கூப்புடணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் உள்ளே போய்ச் சொன்னார்.

அங்கம்மாள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உப்புக்கு வா அங்கு" என்றேன். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

வெகு நேரம் தட்டையே பார்த்தாள். எனக்குக் கை கடுத்தது, இறக்கவில்லை.

"நடந்தா வந்த?" என்றாள்.

"ஆமா."

"இந்த வெயில்ல." பிறகு சொன்னாள்: "நான் வர மாட்டேன் கிளி."

கிளி என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டேன்டி. அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. செருப்பால அடி. ஆனா வா."

"அன்னிக்கு அந்தம்மா யாருன்னு கேட்டாங்க இல்ல," என்றாள் அங்கம்மாள், மெதுவாக. "நானே சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். கூலிக்கு வந்தேம்மான்னு. ஆதி வாழப்போற எடம், என்னால ஒரு பேச்சு வரக் கூடாதுன்னு. நீ யாரு, உன் சம்மந்தி யாரு, எனுக்குத் தெரியாதா? நான் சொல்லியிருந்தா அது நான் அவுளுக்குக் குடுத்த சீரு. நீ தடுக்கலன்னாலும் எனுக்கு வருத்தம் இருந்திருக்காது." கண்ணைத் துடைக்கவில்லை. வழிந்தது, வழியவிட்டாள். "நீ முந்திக்கினியேடி."

நான் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"இந்தத் தட்டுக்கு மூணு சித்திரையா குளிச்சுட்டு உக்காந்துனு இருந்தேன்" என்றாள். "இப்ப வந்துருக்குது. கை நீளமாட்டேங்குது. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

உள்ளே ஏதோ பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி ஓடினாள். மறுபடி வருவாள் என்று நின்றேன். உள்ளே கரண்டி சத்தம் கேட்டது, அம்மி சத்தம் கேட்டது. அவள் வரவில்லை. மதாம் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் எதுனா சொல்லணுமா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வந்தபோது தெருப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். "வந்தாளா?" என்று தில்லையம்மாள் கேட்டாள். வரவில்லை என்றேன். ஏன் வரவில்லை என்பதையும் அங்கேயே, தெரு நடுவில் நின்று சொன்னேன். தையில் என் கொல்லையில் நான் என்ன சொன்னேன், எதை அளந்து அவள் மடியில் போட்டேன், ஒன்று விடாமல் சொன்னேன். ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். நான் நறுக்கிய காயின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். காய் உப்புப் படாமலே கறுத்துப்போனது.